ஊசியைக் கூட்டினால் அலறல் அடங்குமா?

“தூக்க மருந்து பத்தல. அதான் ஆபரேஷன் முடிஞ்சு புள்ள முழிச்சதும் அப்படி உதைச்சு அலறுது.” கணியம்பாடிக்குப் பக்கத்திலேயே அடுக்கம்பாறை அரசு மருத்துவமனை, கொஞ்சம் தள்ளி வேலூர் சி.எம்.சி. இப்படிப் பெரிய ஆஸ்பத்திரிகள் அருகிலிருக்கும் ஊர்களிலும் இந்தப் பேச்சு ஓயவில்லை. மருத்துவர்களிலும் சிலர், எல்லாக் குழந்தைக்கும் முன்கூட்டியே தூக்க மருந்து ஒரு டோஸ் போட்டுவிட்டால் தொல்லை இல்லை என்கிறார்கள். எனக்கு இரண்டிலுமே உடன்பாடில்லை.

முதலில், மருந்து பத்தாமல் வருவதல்ல இந்த அலறல். செவோஃப்ளூரேன் என்ற மயக்க மருந்து மூச்சில் உறுத்தாமல் ஏறும், சீக்கிரம் இறங்கும். பழைய மயக்க மருந்தான ஹாலோதேனை அது ஓரங்கட்டியதற்கு அந்த வேகமும் ஒரு காரணம். ஆனால் அதைக் கொடுத்த குழந்தைகளிடம், அதிலும் இரண்டிலிருந்து ஐந்து வயதுக்குள், தெளியும்போது இந்தக் குழப்பம் கூடுதலாகத் தெரிகிறது. கண் திறந்திருக்கும், எதிரே நிற்கும் அம்மாவை அடையாளம் தெரியாது, டிரிப்பைப் பிடுங்கும். பெரும்பாலும் அரை மணிக்குள் தானாக அடங்கிவிடும்.

வலியால்தான் என்பார்கள். வலி இருந்தால் மோசமாகும், உண்மை. ஆனால் கத்தியே படாமல், எம்.ஆர்.ஐ. எடுப்பதற்காக மட்டும் மயக்கம் கொடுத்த குழந்தைகளை 2000-இல் வெளிவந்த ஓர் ஆய்வு பார்த்தது. அங்கேயும் செவோஃப்ளூரேன் பெற்றவர்களே ஹாலோதேன் பெற்றவர்களைவிட அதிகம் கொந்தளித்தார்கள். இன்னொன்றும் உண்டு: ஆக்சிஜன் குறைந்த குழந்தையும் கைகால் அடிக்கும். அதைப் பார்க்காமல் தூக்க ஊசி போடுவது ஆபத்தை மூடி மறைப்பதாகும்.

அடுத்து, எந்தத் தூக்க மருந்தானாலும் ஒன்றுதானா? தியேட்டருக்குள் போகுமுன் வாய்வழி கொடுக்கும் மிடாசோலம், கிலோவுக்கு அரை மில்லிகிராம் வீதம், அம்மாவை விட்டுப் பிரியும் அழுகையை நன்றாகக் குறைக்கும். தெளியும்போது வரும் குழப்பத்தை அது தடுப்பதாகத் தெளிவான ஆதாரம் இல்லை. 158 ஆய்வுகளை, 14,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளை, ஒன்றுதிரட்டிப் பார்த்த 2014-ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வு இதைத்தான் சொன்னது. அதே மதிப்பாய்வில் டெக்ஸ்மெடிடோமிடின், புரோபோஃபோல், ஃபென்டனில் போன்ற மருந்துகள் பலன் தந்தன.

அப்படியானால் டெக்ஸ்மெடிடோமிடினைக் கூட்டிக்கொண்டே போகலாமா? இங்கேதான் நிதானம் வேண்டும். 15 கிலோ குழந்தைக்கு, கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம் என்றால் மொத்தம் 7.5 மைக்ரோகிராம். ஒரு மில்லிலிட்டரில் 100 மைக்ரோகிராம் உள்ள மருந்தில் அது பத்தில் ஒரு பங்குகூட இல்லை; நீர்த்துப்போகச் செய்துதான் அளக்க முடியும். ஒரு புள்ளி தவறினால் பத்து மடங்கு. சரியான அளவிலேயே இதயத் துடிப்பு மெதுவாகலாம், தூக்கம் நீளலாம். தூங்கும் குழந்தையைக் கண்காணிக்க ஒரு நர்ஸ் கூடவே நிற்க வேண்டும். ஷூ கம்பெனியில் ஒரு நாள் லீவு சொல்லிவிட்டு வந்த தாய்க்கு, காலையில் ஆபரேஷன் முடிந்த பிள்ளையைச் சாயங்காலம் கூட்டிப்போக முடியாமல் போகலாம்.

ஆகவே பள்ளி சேராத வயது, செவோஃப்ளூரேன், உள்ளே போகும்போதே மிரண்ட குழந்தை, முன்பு ஒருமுறை இப்படி ஆனது: இவை சேர்ந்த இடத்தில் ஆபரேஷன் முடியும் நேரத்தில் சிறு டோஸ் நியாயம். மற்ற குழந்தைகளுக்கு வலியை நன்றாக அடக்கி, விழுந்துவிடாமல் பிடித்துக்கொண்டு காத்திருந்தாலே போதும்.

அம்மா பக்கத்தில் இருந்தால் இந்தக் குழப்பம் வராது என்பதும் நிரூபணமாகவில்லை. அதற்காக அவரை வெளியே நிறுத்தத் தேவையில்லை. ஆனால் பிள்ளை தன்னை அடையாளம் காணாமல் உதைக்கலாம் என்று முன்பே சொல்லி வைக்க வேண்டும்.