வெண்புகையும் வகுப்பறையும்

2025ஆம் ஆண்டு மே மாதம் 8ஆந் திகதி மாலை 6 மணி 7 நிமிடத்திற்கு, வத்திக்கானின் சிஸ்டைன் சிற்றாலயப் புகைபோக்கியினின்றும் வெண்புகை எழுந்தது. 133 கர்தினால்மார் கூடி, நான்காம் வாக்கெடுப்பிலே புதிய பாப்பரசரைத் தெரிந்தெடுத்தனர் என்பதற்கு அதுவே அடையாளம். இலங்கையில் அப்பொழுது இரவு ஒன்பதரை மணி கடந்துவிட்டது. சிக்காகோ நகரிலோ முற்பகல் 11 மணி. பாடசாலை நடைபெறும் வேளை. ஆகவே அமெரிக்கக் கத்தோலிக்கப் பாடசாலைகள் பலவற்றில் ஆசிரியர்கள் பாடத்தை நிறுத்திவிட்டு, மாணாக்கரோடு தொலைக்காட்சியின் முன் அமர்ந்தனர்.

இச்செயல் முறையானதுதானா? அப்பாடசாலைகளிலே பிற சமயத்துப் பிள்ளைகளும் பயில்கின்றனர். ஒரு சமயத்தின் பெருநாளை அனைவர்க்கும் பொதுவாக்குதல் இளம் உள்ளங்களை வலிந்து ஈர்ப்பதாகாதா என்று சிலர் ஐயுறுவர். இவ்வையம் வெறுங்கற்பனையன்று. கிறித்தவ மிஷன் பாடசாலைகள் கல்வியோடு மதமாற்றத்தையும் நாடியமையாலன்றோ ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார்!

ஆயினும் காணச் செய்தல் வேறு. கைகூப்பச் செய்தல் வேறு. சமய விஷயத்தில் எவரையும் அவர்தம் மனச்சாட்சிக்கு மாறாக நடக்கும்படி வற்புறுத்தலாகாது என்பதை 1965ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆந் திகதி இரண்டாம் வத்திக்கான் சங்கமே பிரகடனஞ் செய்துள்ளது. அவ்வெல்லையைப் பேணும் ஆசிரியர், பிள்ளைகளுக்கு அரியதொன்றைக் கொடுத்தவராவார்.

அது யாதெனின், காத்திருத்தல். வெண்புகை எழுந்த பின்னரும் பெயர் வெளிவர ஒரு மணி நேரத்திற்கு மேலாயிற்று. வகுப்பறையிலே வினாவுக்கு விடையை ஆசிரியர் முன்னரே அறிந்திருப்பார். மாணாக்கர் அதனைத் தேடுவர். அந்த ஒரு மணி நேரமோ இருவரும் ஒருங்கே அறியாதாராய் இருந்தனர். பெரியோரும் தம்மோடு சேர்ந்து வியப்பதைப் பிள்ளை காணுதல் எளிதில் வாய்ப்பதன்று.

அறிவிக்கப்பட்ட பெயரும் சிக்காகோப் பிள்ளைகளுக்கு அணுக்கமாயிருந்தது. 1955இல் அந்நகரிலே பிறந்து, அதன் தென்புறத்துப் பங்குப் பாடசாலையொன்றிலே பயின்று, பின்னர் பெரு நாட்டிலே நெடுங்காலம் பணியாற்றிய றொபேட் பிறிவோஸ்ற் என்பவரே 14ஆம் லியோ என்னும் பெயருடன் பாப்பரசரானார். அவர் பயின்ற அப்பாடசாலை இன்று இல்லை. 1960களிலே ஐம்பது இலட்சத்திற்கு மேற்பட்ட மாணாக்கரைக் கொண்டிருந்த அமெரிக்கக் கத்தோலிக்கப் பாடசாலைகளில் இப்பொழுது பயில்வோர் ஏறத்தாழ 17 இலட்சம் பேரே. கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் எப்பாடசாலையிலும் கற்கலாம். அவ்வாறாயின் தமக்கென இப்பாடசாலைகள் கொடுக்கத்தக்கது யாது? தம் மரபின் உயிர்த்துடிப்பை மறையாது காட்டுதலன்றி வேறொன்றில்லை.

காட்டுங்கால் வினாக்களுக்கும் இடமளித்தல் வேண்டும். எண்பது வயது நிரம்பிய கர்தினால்மார் ஏன் வாக்களிப்பதில்லை? பெண்களுக்கு ஏன் இடமில்லை? வாக்குச் சீட்டுகள் ஏன் எரிக்கப்படுகின்றன? இவற்றைக் கேட்கும் பிள்ளையை அடக்குவாராயின், அன்று நிகழ்ந்தது வெறும் வேடிக்கையாக முடியும்.

நம் நாட்டுக் கத்தோலிக்கப் பாடசாலைகளிலும் சைவப் பிள்ளைகள் பலர் பயின்று வருதலால் இப்பிரச்சினை நமக்குப் புறம்பானதன்று. அங்கு பாப்பரசர் தேர்தலைச் சைவப் பிள்ளைக்கு விளக்குதல் தகும். அதுபோலவே சிவராத்திரியின் கருத்தைக் கத்தோலிக்கப் பிள்ளை தன் சைவத் தோழனின் வாயிலாகக் கேட்டறிதலும், நோன்பின் பொருளை இஸ்லாமியத் தோழனிடம் அறிதலும் தகும். ஒருவழியாக மட்டும் நிகழுமாயின் அதனைப் பகிர்வு என்று சொல்லலாகாது. இப்பரிமாற்றத்திற்கு ஆண்டுக்குச் சில மணி நேரம் ஒதுக்குதல் எந்தப் பாடசாலைக்கும் இயலாததன்று. அதற்கு வேண்டுவது அதிபர்களின் மனத்துணிவே.