எட்டு வயதோடு கணக்கை மூடலாமா?

ஏழைக் குழந்தைகளுக்கு மூன்று வயதில் இலவசப் பள்ளி வீண் என்கிறீர்கள். சாட்சிக்கு அமெரிக்காவின் பெர்ரி பள்ளியை இழுக்கிறீர்கள்: அங்கே ஏறிய நுண்ணறிவு ஈவு எட்டு வயதுக்குள் கரைந்துவிட்டதாம். உண்மைதான். ஆனால் அந்தப் பக்கத்தோடு புத்தகத்தை மூடிவிட்டீர்களே!

1962இல் மிச்சிகன் மாநிலத்து இப்சிலாந்தியில் தொடங்கிய சோதனை அது. வறிய கறுப்பினக் குடும்பங்களின் 123 பிள்ளைகள். 58 பேருக்குப் பள்ளி, 65 பேருக்கு இல்லை. ஆசிரியை வாரந்தோறும் வீட்டுக்கே போய்த் தாயோடும் பிள்ளையோடும் உட்கார்ந்தார். நாற்பது வயதில் தேடிப்பிடித்து விசாரித்தபோது, உயர்நிலைப் பள்ளியை முடித்தவர்கள் முதல் அணியில் 65 விழுக்காடு, மற்றதில் 45. சம்பளம் கூடுதல், கைது குறைவு.

123 பேர் சின்னக் கூட்டம் என்று வாதாடியிருந்தால் நானும் சற்று யோசித்திருப்பேன். நீங்கள் கையில் எடுத்ததோ எட்டு வயதுப் பிள்ளையின் தேர்வுத்தாளை.