குற்றவாளி இல்லாத சாவுகள்

நம் வட்டத்தில் ஒரு ஹாஸ்யம் சில வருஷங்களாகச் செலாவணியில் இருக்கிறது. பக்கத்துக்கு ஒரு பிணம் கேட்டு வாசிக்கிற கூட்டம், நிஜமான சாவு வாசலில் வந்து நின்றதும் மூட்டை கட்டிக்கொண்டு ஓடிப்போயிற்று என்பது அது. 2020 மார்ச் 12ஆம் தேதி அமெரிக்காவின் ஸான் டியாகோ நகரில் 'லெஃப்ட் கோஸ்ட் க்ரைம்' என்ற மர்மக்கதை வாசகர் மாநாடு தொடங்கிய அன்றே கலைந்ததைத்தான் சொல்கிறார்கள். சொல்பவர்கள் காம்யுவும் காஃப்காவும் படித்தவர்கள். அதனாலேயே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

அவர்கள் ஓடவில்லை. பெருங்கூட்டம் கூடாது என்று உத்தரவு வந்தது, நிறுத்தினார்கள். இதைவிடப் பெரிய மாநாடு 'பௌச்சர்கான்'. ஆந்தனி பௌச்சர் என்ற விமர்சகரின் பெயரில், 1970இல் தொடங்கி ஊர் மாற்றி ஊர் நடந்து வருவது. 2020இல் ஸாக்ரமெண்டோவில் கூடவேண்டியது கம்ப்யூட்டர் திரைக்குள் ஒடுங்கியது. 2021 ஆகஸ்டில் நியூ ஆர்லியன்ஸில் கூட இருந்தது, சில வாரங்களுக்கு முன் ரத்தாயிற்று. அப்போது பரவிக்கொண்டிருந்த வைரஸ் ரகத்துக்கு உலக சுகாதார ஸ்தாபனம் வைத்திருந்த பெயர் டெல்டா. மிஸிஸிப்பி டெல்டாவின் நகரத்தில் டெல்டா போய் நின்றது வெறும் பெயர்ப் பொருத்தம்தான். காவேரி டெல்டாக்காரனுக்கு அது கண்ணில் படாமல் போகாது. ஆனால் நாம் பார்க்கவேண்டியது வேறு. ஒரு விமர்சகன் பெயரைச் சொல்லி, அவன் செத்து அரை நூற்றாண்டான பிறகும், வாசகர்கள் கைக்காசைச் செலவழித்துக் கூடுகிறார்கள். இங்கே எந்த விமர்சகன் பெயரைச் சொல்லி எத்தனை பேரைக் கூட்டுவோம்?

நம் ஜில்லாவுக்கு வருவோம். வடுவூர் என்றால் இன்று பறவைகள் சரணாலயம், பக்தியுள்ளவர்களுக்குக் கோதண்டராமர். 'மேனகா'வும் 'கும்பகோணம் வக்கீ'லும் 'திகம்பர சாமியா'ரும் எழுதிய வடுவூர் துரைசாமி ஐயங்கார் அந்த ஊர்க்காரர் என்பது நம்மில் பலருக்கு ஞாபகம் வருவதில்லை. 1950இல் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த படத்தில் நம்பியார் வேஷத்துக்கு மேல் வேஷம் போட்டது இவருடைய சாமியாருக்காகத்தான். தேவன் திருவிடைமருதூரில் பிறந்தவர். அவருடைய சாம்பு பாங்க் குமாஸ்தாவாக இருந்தவன் என்பதால் என் தொழிலுக்கும் அதில் கொஞ்சம் பாத்யதை உண்டு. பட்டுக்கோட்டை பிரபாகரோ ஊரைப் பெயரிலேயே சுமப்பவர். கு.ப.ரா., மௌனி, ஜானகிராமன், எம்.வி. வெங்கட்ராம் என்று நாம் மண்ணின் வம்சாவளியை ஒப்பிக்கும்போது இந்த மூன்று பேருக்கும் பந்தியில் இலை போடுவதில்லை.

இவர்களை இலக்கிய சிருஷ்டிகர்த்தாக்கள் என்று நிறுவ வரவில்லை. ஐயங்காரின் வாக்கியங்கள் மூச்சு முட்டுகிறவை, தழுவல் வாசனை போகாதவை, உபதேசம் வேறு. துப்பறியும் கதையின் அடிப்படையிலேயே எனக்கு ஒரு புகார் உண்டு. ஒவ்வொரு சாவுக்கும் பின்னால் ஒரு கை இருக்கிறது, அந்தக் கையைப் பிடித்துவிட்டால் உலகம் மறுபடி நேராகிவிடும் என்று அது சத்தியம் செய்து கொடுக்கிறது. இந்தச் சத்தியம் கொள்ளைநோயின் முன் செல்லாது.

1854இல் லண்டன் பிராட் தெருவில் காலராவுக்கு அறுநூறு பேருக்கு மேல் செத்தார்கள். ஜான் ஸ்னோ என்ற டாக்டர் வீடு வீடாக விசாரித்து, தெருமுனைத் தண்ணீர்ப் பம்புதான் காரணம் என்று நிறுவினார். அசல் துப்பறிதல். அதே பேட்டையின் பாதிரியார் ஹென்றி ஒயிட்ஹெட் அதை நம்பாமல், பொய்யென்று காட்டவே விசாரணையில் இறங்கியவர். அவர்தான் கடைசியில் மிச்ச முடிச்சை அவிழ்த்தார். பம்புக்கு எதிரே இருந்த வீட்டில் ஒரு கைக்குழந்தைக்குப் பேதி கண்டிருந்தது. அதன் துணியை அலசிய தண்ணீர், கிணற்றை ஒட்டிய சாக்கடைக் குழியில் கொட்டப்பட்டது. கதையின் கடைசி அத்தியாயத்தில் திரையை விலக்கினால் நிற்பது சில மாதக் குழந்தை. யாருக்குத் தூக்கு?

2020இல் இங்கே நாம் என்ன செய்தோம்? டெல்லி நிஜாமுதீன் கூட்டத்துக்குப் போய்வந்தவர்களைக் குற்றவாளிகளாக்கினோம். ஏப்ரலில் சுகாதாரத் துறை அறிக்கைகளில் 'சிங்கிள் ஸோர்ஸ்' என்ற பிரயோகம் வந்தது. பெயர் சொல்லாமலிருக்க வந்த வார்த்தைதான். ஆனால் எந்த டீக்கடையிலும் அதற்கு அர்த்தம் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஒரே மூலம், ஒரே கை. மே மாதம் கை மாறி, கோயம்பேட்டிலிருந்து அரியலூருக்கும் கடலூருக்கும் திரும்பிய கூலிக்காரன் கையாயிற்று. நடுவில், நோயில் இறந்த ஒரு டாக்டரைப் புதைக்க விடாமல் சென்னையில் ஆம்புலன்ஸைக் கல்லால் அடித்தார்கள். செத்தவனே குற்றவாளி! அதே ஆகஸ்டில் பம்பாய் ஹைகோர்ட்டின் ஔரங்காபாத் பெஞ்ச், நிஜாமுதீன் போய்வந்த வெளிநாட்டுக்காரர்கள் பலிகடாக்களாக்கப்பட்டார்கள் என்று சொல்லி அவர்கள் மீதிருந்த வழக்குகளை ரத்து செய்தது. தீர்ப்பைப் படித்தவர்கள் எத்தனை பேர்?

இது துப்பறியும் கதை படித்ததால் வந்த கெடுதல் என்று நம் நண்பர்கள் சொல்லக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மர்மக்கதை வாசகனுக்கு ஒரு பயிற்சி இருக்கிறது: முதல் அத்தியாயத்தில் எல்லோரும் கைகாட்டுகிற ஆளை அவன் நம்பமாட்டான். முண்டாசும் தாடியுமாக ஒருவனை ஆசிரியர் தோட்டத்தில் நடமாட விட்டால், இவன் செய்திருக்கமாட்டான் என்று பஸ் ஸ்டாண்டில் பாக்கெட் நாவல் வாங்குகிற ஆளுக்குத் தெரியும். தலையங்கம் எழுதியவர்களுக்கும் டெலிவிஷனில் கத்தியவர்களுக்கும் அது தெரியவில்லை. அவர்கள் முதல் அத்தியாயத்தோடு புத்தகத்தை மூடிவிட்டார்கள். சாம்புவின் கதைகளைக் கவனித்துப் படித்தவனுக்கு இன்னொன்றும் தெரிந்திருக்கும்: கண்டுபிடிப்பது என்பது பாதிக்கு மேல் தற்செயல், மேதாவித்தனம் என்று ஊர் நினைப்பது பல சமயம் இடறி விழுந்தது.

நாம் என்ன செய்தோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். காம்யுவின் கொள்ளைநோய் நாவலைத் தூசி தட்டினோம். ஓரான் நகரத்து எலிகளை ஆளுக்கு ஆள் வியாக்கியானம் செய்தோம். வாந்திபேதி வந்து தெருத்தெருவாகக் காலியான கதைகளைப் பாட்டி வாயால் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தப் பேதி எந்த வாய்க்காலில் வந்தது, எந்தத் தெருக்காரன் எந்தக் குளத்தில் இறங்கக்கூடாது என்றிருந்தது, பழி யார் மேல் விழுந்தது என்று ஒருவரும் நாலு பக்கம் எழுதவில்லை. எழுதினால் ஓரான் உதவியிருக்காது. ஒயிட்ஹெட் பாதிரியார் மாதிரி வீடு வீடாகப் போயிருக்க வேண்டும். அந்த வேலைக்குப் பெயர் துப்பறிதல். நாம் மட்டமென்று ஒதுக்கிய வேலை.

நியூ ஆர்லியன்ஸ்காரர்கள் விட்ட மாநாட்டை 2025 செப்டம்பரில் நடத்தி முடித்துவிட்டார்கள். நம் அடுத்த கூட்டத்தை வடுவூரில் வைத்து, 'கும்பகோணம் வக்கீல்' இரண்டு பாகத்தையும் படித்துவிட்டு வந்து பேசலாம் என்று முன்மொழிகிறேன். மன்னார்குடி பஸ் அந்த வழியாகத்தான் போகிறது. வர மறுப்பவர்கள் காரணத்தை எழுதி அனுப்பட்டும், பிரசுரிக்கலாம்.