கல்வெட்டைக் காட்டி மிரட்ட வேண்டாம்

வகுப்பில் உட்கார்ந்து பார், மதிப்பெண் போடு, குறைந்தால் மெமோ கொடு, ஒரே வருடத்தில் அரசுப் பள்ளி நிமிர்ந்துவிடும் என்று ஓய்வுபெற்ற கல்வி அதிகாரி ஒருவர் எழுதியிருக்கிறார். துணைக்கு உத்திரமேரூர் கல்வெட்டையும் இழுத்திருக்கிறார். கணக்குக் காட்டாதவனைக் குடவோலைத் தேர்தலிலிருந்தே தள்ளிவைத்த ஊர், ஆசிரியரிடம் கணக்குக் கேட்கக் கூசலாமா என்கிறார்.

அதை அவர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் படித்தாரா, போட்டித் தேர்வுக் கையேட்டில் படித்தாரா? சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்து அந்த 919, 921 ஆணைகள் ஊர்ச்சபையின் வாரிய உறுப்பினர்களைப் பற்றியவை. கால்வேலி நிலம், ஒரு வருடப் பதவி, கணக்குக் காட்டாவிட்டால் உறவினருக்கும் தடை என்பதெல்லாம் ஊர்ப்பணத்தைக் காக்க. ஏரி வாரியத்தானுக்கு மதகு கட்டச் சொல்லிக்கொடுத்தது அந்தச் சுவர் அல்ல. திருட்டைத் தடுக்கும் விதி வேறு, தொழிலைக் கற்றுத்தரும் வழி வேறு.

சாலவாக்கம், மானாம்பதிப் பக்கம் ஓர் ஈராசிரியர் பள்ளியை எடுத்துக்கொள்வோம். ஒரே அறையில் மூன்று வகுப்பு. பலகையில் 52 – 27. ஆசிரியை ‘புரிஞ்சுதா?’ என்கிறார். ‘புரிஞ்சுது மிஸ்!’ என்று கூரை அதிர்கிறது. பாதி சிலேட்டில் விடை 35. கடன் வாங்காமல், பெரியதிலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறார்கள். பார்வையிட வந்தவரோ செயலியில் ‘துணைக்கருவி பயன்படுத்தினார்: ஆம்’ என்று தட்டிவிட்டு அடுத்த பள்ளிக்கு வண்டியை முறுக்குகிறார். விவரம் தெரிந்த ஆசிரியர் பயிற்றுநர் என்றால் ஒன்றே ஒன்று சொல்வார்: ‘புரிஞ்சுதான்னு கேக்காதீங்க மேடம், சிலேட்டைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்க.’ தானே ஒரு கணக்கை நடத்திக் காட்டுவார். அடுத்த வாரம் வந்து, மாறியதா என்று பார்ப்பார். அதிகாரியின் கட்டுரையில் இந்த ‘அடுத்த வாரம்’ எங்குமே இல்லை.

பயிற்சி கொடுத்தும் திருந்தவில்லை என்பது அவருடைய அடுத்த அஸ்திரம். எந்தப் பயிற்சி? தென்னாப்பிரிக்காவின் வடமேற்கு மாகாணத்தில் இதையே சோதித்தார்கள். ஒரே பாடத்திட்டம். ஒரு பகுதிப் பள்ளிகளின் ஆசிரியர்களை ஓரிடத்துக்கு வரவழைத்துப் பயிற்சி தந்தார்கள், இன்னொரு பகுதிக்கு வழிகாட்டியை வகுப்பறைக்கே அனுப்பினார்கள். குழந்தைகளின் வாசிப்பில் இரண்டாவது வழி ஏறக்குறைய இரு மடங்கு பலன் தந்தது. மதிப்பெண் மோகத்துக்கும் பதில் இருக்கிறது. பின்னூட்ட ஆய்வுகளை 1996இல் தொகுத்த குளூகரும் டெனிசியும், மூன்றில் ஒன்றுக்கும் மேற்பட்டவற்றில் பின்னூட்டத்துக்குப் பின் செயல்திறன் குறைந்ததையே கண்டார்கள். கவனம் வேலையை விட்டுத் தன் மானத்தின்மேல் திரும்பும்போது அப்படித்தான் ஆகும் என்பது அவர்கள் விளக்கம்.

2023இல் ‘எண்ணும் எழுத்தும்’ என்ற அரசின் தொடக்கக் கல்வித் திட்ட வகுப்புகளை மதிப்பிட பி.எட். மாணவர்களை அனுப்பியபோது எழுந்த எதிர்ப்பை அவர் சோம்பேறித்தனம் என்கிறார். ஆசிரியர் சங்கங்கள் எல்லாவற்றுக்கும் கொதிக்கும், அது வேறு கதை. ஆனால் இன்னும் வேலைக்கே வராதவர், இருபது வருடம் சாக்பீஸ் பிடித்தவரிடம் எதைத் திருத்துவார்?

அவர் கேட்கும் ஆய்வு புதிதுமல்ல. இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றால் சுவருக்கு வெள்ளையடித்து, வாசிக்கத் தெரியாத பிள்ளையை ‘நாளைக்கு வராதே’ என்று சொல்லிவைத்த காலத்தை அவரும் பார்த்திருப்பார், ஒருவேளை மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து. ‘மூணாம் வகுப்புக்குக் கழித்தல் எனக்கு நடத்த வரலை சார்’ என்று ஓர் ஆசிரியை வாய்விட்டுச் சொன்னால்தான் திருத்தமே தொடங்கும். ஒழுங்கு நடவடிக்கைக்கு 17(பி) குற்றச்சாட்டுக் குறிப்பாணை அடிக்கக் காத்திருப்பவரிடம் அதை எவர் சொல்வார்?