யாருடைய வாய்மொழி?

1960களின் தொடக்கத்தில் ஈழத்து மரபுப் பண்டிதர்கள் முற்போக்கு எழுத்தாளர்மீது ஒரு குற்றஞ் சாட்டினர். கதைகளிலே ‘இழிசனர் வழக்கு’ புகுந்து தமிழைக் கெடுக்கின்றது என்பதே அது. மரபுப் போராட்டம் எனப் பெயர்பெற்ற அவ்விவாதம் இலக்கணம் பற்றியதன்று. எவர் வாய்திறக்கலாம் என்பது பற்றியது. டானியலும் டொமினிக் ஜீவாவும் தம் மக்களின் பேச்சை அச்சேற்றியபோது, நடுங்கியது தமிழன்று, சாதியே.

புறக்கோட்டைக்கு வாருங்கள். தமிழகத்தில் ஊர்த்தலைவரைக் குறிக்கும் ‘நாட்டாமை’ என்ற சொல், இங்கே மூட்டை சுமக்கும் தொழிலாளியின் பெயர். அவர் கடைக்காரரை ‘முதலாளி’ என்பார். முஸ்லிம் வியாபாரியை ‘நானா’ என்பார். சிங்கள அதிகாரியை ‘மாத்தயா’ என்பார். ஒரே நாவில் மூன்று விளிகள், மூன்று உறவுகள். மூன்றையும் ‘ஐயா’ என்று திருத்திவிட்டால் தமிழ் தூய்மையாகலாம், புறக்கோட்டை மறைந்துவிடும்.

ஆயினும் போர் முடிந்துவிட்டதென நாம் மகிழ்வதற்கில்லை. தொழிலாளிக்குக் கொச்சை, முதலாளிக்கு இலக்கணம் என்று பங்கிட்டு எழுதும் கதைகள் இன்றும் வருகின்றன. இது பண்டிதர் தீர்ப்பைப் பின்வாசலால் ஏற்பதன்றி வேறென்ன? யாழ்ப்பாணத்து முதலாளியும் “என்ன கதைக்கிறாய்?” என்றுதான் அதட்டுவார். அவரையும் அவர் வாய்மொழியிலேயே பேசவிடுங்கள்.

கொச்சையைத் தூவுவதால் உரையாடல் உயிர்பெறாது. யார், யாரிடம், எந்த அச்சத்தில், எந்த உரிமையில் பேசுகிறார் என்பதை அறிந்த எழுத்தாளனே மெய்யான உரையாடலை எழுதுவான். அதற்கு வேண்டியது அகராதியன்று. மக்களிடையே பழகிய செவி.