ஆம்பூர் பிரியாணித் திருவிழாவில் மாட்டுக்கறிக்கும் அடுப்பு வேண்டும்

ஆம்பூர் பிரியாணியில் மிளகாய்த்தூளுக்கு வேலை கிடையாது. காய்ந்த மிளகாயின் காம்பைக் கிள்ளி, விதையை உதறி, வெந்நீரில் ஊறவைத்து மைய அரைத்த விழுதுதான் அதன் நிறத்துக்கும் காரத்துக்கும் பொறுப்பு. கறி ஆடா, மாடா, கோழியா என்பது அந்தந்த வீட்டின் விருப்பம், வசதி. விழுது மட்டும் எல்லா வீட்டுக்கும் பொது.

விழுதை வதக்குவதில்தான் கைப்பக்குவம் தெரியும். மிளகாய்க்குக் காரம் தரும் கேப்சைசின் தண்ணீரில் எளிதில் கரையாது. எண்ணெயிலும் கொழுப்பிலும் கரையும். அதனால் வெங்காயமும் இஞ்சி பூண்டும் வதங்கியபின் விழுதைப் போட்டு, எண்ணெய் பிரிந்து மேலே வரும்வரை விடாமல் கிளறுகிறார்கள். பிறகு கறி, தக்காளி, புதினா, கொத்தமல்லி, தயிர். கிலோ அரிசிக்குக் கிலோ கறி என்பது வீட்டுக் கணக்கு. சீரகச் சம்பாவை முக்கால் பதத்தில் வடித்துக் கொட்டி, மூடிமேல் தணல் வைத்துத் தம் போட்டால், கத்திரிக்காய்ப் பச்சடியோடும் தயிர் வெங்காயத்தோடும் குடும்பமே வயிறாரச் சாப்பிடலாம்.

மாட்டுக்கறி அரிசி சேருமுன் கூடுதல் நேரம் வேகவேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம். விலையோ ஆட்டுக்கறியைவிட வெகு குறைவு. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று நீளும் தோல் தொழில் வட்டாரத்தில் தோல் பதனிடும் ஆலைகளையும் ஷூ கம்பெனிகளையும் நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் ஏராளம். அவற்றில் பலவற்றுக்குக் கட்டுப்படியாகும் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு பீஃப் பிரியாணிதான்.

அந்தச் சட்டிக்குத்தான் 2022-ல் அரசு விழாவில் இடமில்லாமல் போனது. வேலூர் மாவட்டம் 2019-ல் மூன்றாகப் பிரிந்தபோது ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்குள் வந்தது. அம்மாவட்ட நிர்வாகம் 2022 மே 13 முதல் 15 வரை ஆம்பூரில் பிரியாணித் திருவிழா நடத்தப்போவதாக அறிவித்தது. பீஃப் பிரியாணி பட்டியலில் இல்லை. எதிர்ப்பு கிளம்பியது, திடலுக்கு வெளியே பீஃப் பிரியாணியை இலவசமாக வழங்குவோம் என்று விடுதலைச் சிறுத்தைகள் கட்சி உள்ளிட்ட அமைப்புகள் அறிவித்தன. மழையைக் காரணம் காட்டி விழா தள்ளிவைக்கப்பட்டது. மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம், பீஃப் பிரியாணியை விலக்கியது பாகுபாடு ஆகாதா என்று ஆட்சியரிடம் விளக்கம் கேட்டது.

அரசு விழாவில் யார் மனமும் நோகக்கூடாது என்று வாதிடுபவர்கள் உண்டு. நியாயமான கவலைதான். ஆனால் மாட்டுக்கறியைச் சாப்பிடாதவர் அந்தக் கடைப்பக்கம் போகாமல் இருந்துவிடலாம். சாப்பிடுகிறவரோ, தன் வீட்டுச் சாப்பாடு ஊர்ப்பெயர் தாங்கிய விழாவுக்கு ஆகாதது என்று அரசே சொல்வதைக் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. இரண்டு மனவருத்தமும் ஒரே எடையல்ல.

அமெரிக்காவின் டெக்சாஸிலும் இப்படி ஒரு கதை உண்டு. மாட்டுக்கறியைக் காய்ந்த மிளகாயோடு கொதிக்கவிடும் 'சில்லி' குழம்பை, 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சான் அன்டோனியோ நகரச் சதுக்கங்களில் மெக்சிகோ வம்சாவளிப் பெண்கள் இரவுக்கடை போட்டு விற்றார்கள். 1930-களில் சுகாதாரத்தைக் காரணம் சொல்லி நகர நிர்வாகம் அவர்களை விரட்டியது. 1977-ல் டெக்சாஸ் சட்டமன்றம் அதே சில்லியை மாநில உணவாக அறிவித்தது.

ஆம்பூர் அத்தனை காலம் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்து அரசு இங்கே பிரியாணித் திருவிழா நடத்தும்போது ஆடு, கோழி, மாடு மூன்றுக்கும் தனித்தனியே அடுப்பு மூட்டட்டும். எதில் என்ன வேகிறது என்று பலகையில் தெளிவாக எழுதட்டும். எந்த வரிசையில் நிற்பது என்பதை வருகிறவர்கள் முடிவு செய்துகொள்வார்கள்.