வயதைச் சொல்ல வெட்கம் எதற்கு?



நம் ஆண்டு விழாவின் சிறுவர் பேச்சுப் போட்டிக்கு, ஐந்தாம் வகுப்புப் படிக்கும் என் பேரன் இம்முறை 'டேக்வாண்டோ' என்ற தலைப்பை எடுத்துக்கொண்டான். இரண்டு வருடமாக அந்தக் கொரியத் தற்காப்புக் கலையைக் கற்று வருகிறான். பயிற்சி வகுப்பில் கொடுத்த தாளின் முதல் வரியே '2000 ஆண்டுப் பழமை வாய்ந்த கலை' என்றிருந்தது. அதையே தமிழில் எழுதித் தரச் சொன்னான்.

நான் ரயில்வேயில் பாலங்களைப் பராமரித்தவன். எந்தப் பாலத்துக்குப் போனாலும் கட்டிய ஆண்டு என்ன என்று பார்த்துவிட்டுத்தான் மறுவேலை. அந்தப் பழக்கத்தில் இதையும் தேடிப் படித்தேன்.

பழமைக்குச் சான்றாகக் காட்டப்படுவது கோகுரியோ அரசர் காலத்துக் கல்லறை ஓவியம். ஏறக்குறைய 5-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இன்று சீன எல்லைக்குள் ஜியான் நகரருகே இருக்கிறது. இரண்டு பேர் கைகளை ஓங்கி எதிரெதிரே நிற்கிறார்கள். சண்டை என்று சொல்லலாம். டேக்வாண்டோ என்று எப்படிச் சொல்வது?

தெளிவாகத் தெரிந்த வரலாறு வேறு. 1910 முதல் 1945 வரை கொரியா ஜப்பானுக்கு அடிமைப்பட்டிருந்தது. ஜப்பானுக்குப் படிக்கப் போன கொரிய இளைஞர்கள் சிலர் அங்கே கராத்தே கற்றுத் திரும்பினார்கள். கராத்தே ஆசான் ஃபுனகோஷியிடம் பயின்ற லீ வோன்-குக், 1944-இல் சியோலில் ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். விடுதலைக்குப் பின் மேலும் பல பள்ளிகள் வந்தன. சில பள்ளிகள் தங்கள் கலையை 'கோங் சூ டோ' என்றன. 'கராத்தே டோ' என்று ஜப்பானியர் எழுதும் அதே எழுத்துகளின் கொரிய உச்சரிப்புதான் அது! 'டேக்வாண்டோ' என்ற பெயர் 1955-இல்தான் வந்தது. அதை முன்மொழிந்த ராணுவத் தளபதி சோய் ஹோங் ஹியும் ஜப்பானில் கராத்தே கற்றவரே.

கொரியருக்கென்று பழைய கால்வீச்சு விளையாட்டு ஒன்று உண்மையிலேயே உண்டு. 'டெக்கியோன்' என்று பெயர். அடிமைக் காலத்தில் நலிந்துபோன அதை சோங் டோக்-கி என்ற முதியவர் காப்பாற்றித் தந்தார். 2011-இல் அது யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது.

கொரியரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சொந்தப் பெயரைக்கூட ஜப்பானியப் பெயராக மாற்றிக்கொள்ள நெருக்கப்பட்டவர்கள் அவர்கள். தங்கள் தேசிய விளையாட்டு எஜமானன் வீட்டுத் திண்ணையில் கற்றது என்று சொல்ல எப்படி வாய் வரும்? நாம் மட்டும் என்ன? காஞ்சியிலிருந்து போன போதிதருமர்தான் சீனருக்குச் சண்டை கற்றுக்கொடுத்தார் என்று மேடைதோறும் முழங்குகிறோம். அவரைப் பற்றிய மிகப் பழைய சீனக் குறிப்புகளில் தியானம் உண்டு. சண்டைப் பயிற்சி கிடையாது.

"சின்னப் பையன் பேச்சுதானே, விடுங்களேன் அப்பா" என்றான் மகன். விட முடியவில்லை. பொய்யான வயது உண்மையான உழைப்பை மறைத்துவிடுகிறது என்பதுதான் என் கட்சி. அந்நியரிடம் கற்றதை, உயரமான உதைகளும் புதிய போட்டி விதிகளும் சேர்த்துத் தங்கள் கலையாகவே மாற்றினார்கள் கொரியர்கள். 1988 சியோல் ஒலிம்பிக்கில் அது காட்சிப் போட்டி. 2000 சிட்னியில் பதக்கப் போட்டி. பெயர் வைத்த 45 ஆண்டுகளில் இவ்வளவும்! இதைவிடப் பெருமை 2000 ஆண்டில் என்ன இருக்கிறது?

வெளியூரில் பிள்ளை வளர்க்கும் நமக்கு இதில் பாடம் இருக்கிறது. நம் மொழிக்கு மெய்யான பழமை நிறையவே உண்டு. அதோடு பொய்யையும் கலந்து கொடுத்தால், விவரம் தெரியும் வயதில் பிள்ளைகள் இரண்டையும் சேர்த்தே தள்ளிவிடுவார்கள்.

கடைசியில் பேரனே முதல் வரியை மாற்றி எழுதினான்: "டேக்வாண்டோ என் தாத்தாவைவிடக் கொஞ்சம்தான் பெரியது." பரிசு கிடைக்குமோ என்னவோ, எனக்குத் திருப்தி.